வாடைக்கு மறுவீடு

ஏன்டா பேராண்டி, போன்ல என்னத்தை அப்படிச் சிரிச்சுச் சிரிச்சுப் பாக்குற? காட்டு. ஓ, டிக்கெட்டே போட்டாச்சா! மார்ச்சு 14, உலான்பாத்தர். கீழ 'மங்கோலியாவில் வசந்தம், ஏழு நாள்'னு எழுதி, பச்சைப் புல்லு, வெள்ளைக் கூடாரம், குதிரை மேல ஒரு பொண்ணு. பேஷ், பேஷ். இப்படி உக்காரு. தே ஹாலியா ரெண்டு சொல்லு, சீனி கம்மியா. காசு நீ குடு, புத்திமதி என் கணக்கு.

நேத்து என்னைப் பாக்க வரும்போது என்ன சொன்ன? பொங்கோல்ல ரயில் ஏறி லிட்டில் இந்தியாவுல இறங்கறதுக்குள்ள மூக்கு ஒழுகிடுச்சு, எம்.ஆர்.டி.யில ஏசியைக் கொஞ்சம் கொறைக்கக் கூடாதான்னு கேட்ட. உன் ஆபீசு நாக்காலி முதுகுல ஒரு கம்பளிச் சட்டை வருசம் பூரா தொங்குதுன்னு உங்கம்மா சொன்னா. இந்த ஊரு கணக்குப் புத்தகத்துலயே ரொம்பக் குளிரான நாளு 1989 பிப்ரவரி 14. பாய லேபார்ல 19 டிகிரி. இப்ப அதைக் காதலர் தினம்ங்கறீங்க. எனக்கு அன்னிக்கு ஹார்பர்ல ராத்திரி ஷிப்டு. பக்கத்துல நின்ன மலாய்க்காரரு சாரத்தை அவுத்துத் தலையில சுத்திக்கிட்டாரு, உள்ள கால்சட்டை போட்டிருந்தாரு, பயப்படாத. நீ போற ஊருல மார்ச்சு மாசம் ராத்திரி மைனஸ் 15 வாக்குல நிக்கும். நடுவுல எத்தனை டிகிரின்னு இன்ஜினியரு நீயே கணக்குப் போடு.

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்குறியா? போயிட்டு வந்தவன்டா நான். மக, மருமகன், சின்னப் பேரன், இந்தக் கட்டை, நாலு பேரும். எனக்கும் இதே படத்தைத்தான் ஒருத்தன் காட்டினான். எந்தத் தெரு, எந்தக் கடைன்னு கேக்காத, அவனும் புள்ளகுட்டிக்காரன். படம் எடுத்தது ஜூலை மாசம். அங்க ஜூலை 11-ல நாடாம் திருவிழா, மல்லுக்கட்டு, வில்வித்தை, குதிரைப் பந்தயம்னு ஊரே பச்சைப் பசேல்னு கெடக்கும். மார்ச்சுல அந்தப் புல்லு என்ன நிறம் தெரியுமா? நம்ம ஊரு ஐயனார் கோயில் திடலு சித்திரைக் கடைசியில இருக்குமே, அந்த நிறம். கல்யாணத்துக்கு எடுத்த போட்டோவைக் காட்டி அறுபதாம் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கக் கூட்டிட்டுப் போன கதைதான்.

ஆனா ஒண்ணு. நீ போறது தப்புன்னு நான் சொல்லல. முறைப்படி பாத்தா நீ போய்த்தான் ஆகணும். எப்படிங்கற? வருசா வருசம் டிசம்பர், ஜனவரியில நாலஞ்சு நாளு விடாம மழை கொட்டி, வெயிலே பாக்காம, துணி காயாம கெடக்குமே இங்க, அந்தக் காத்துக்குப் பொறந்த வீடே அந்தப் பக்கம்தான். குளிர்காலத்துல சைபீரியா, மங்கோலியா மேல காத்து ஜில்லிட்டு, கனத்து, பட்டியில அடைச்ச எருமைக் கூட்டம் மாதிரி நெருக்கி நிக்கும். கொஞ்சம் படல் விலகுச்சுன்னா போதும், தெக்கே பாத்து ஓட்டம். சீனா மேல ஓடி, தென்சீனக் கடல் மேல வரும்போது வழியெல்லாம் தண்ணியைக் குடிச்சுக்கிட்டு, இங்க வந்து சிரங்கூன் ரோட்டுல கொட்டும். 2025 ஜனவரியில பாத்தியே, 10, 11 ரெண்டே நாளுல சாங்கியில 255 மில்லிமீட்டர். ஜனவரி மாசம் முச்சூடும் பெய்யறதே 222 தான். அப்ப நீ போர்வைக்குள்ள சுருண்டுக்கிட்டு, 'தாத்தா, சிங்கப்பூரு ஊட்டி மாதிரி இருக்கு'ன்னு போன் பண்ணின. வாடை உன் வீட்டுக்கு எத்தனை தடவை வந்துட்டுப் போயிருச்சு! நீ ஒரு மறுவீடாவது போக வேண்டாமா? அதுக்காகத்தான் போங்கறேன். ஆனா சம்பந்தி வீட்டு சுபாவம் தெரிஞ்சுக்கிட்டுப் போ.

வழியும் சுலபம். சிங்கப்பூருக்கும் உலான்பாத்தருக்கும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகை. மூக்கை வடக்கே திருப்பிக்கிட்டு 5,000 கிலோமீட்டருக்கு மேல ஒரே போக்கு. கடிகாரத்தைக்கூடத் திருப்ப வேண்டாம், இங்க எட்டுன்னா அங்கயும் எட்டு. உடம்பு மட்டும் நம்பாது. விமானக் கதவைத் தாண்டி வெளிய கால வச்சதும் மூக்குக்குள்ள முடி ஒவ்வொண்ணும் தனித்தனியா எந்திரிச்சு நிக்கும். எனக்கு மூக்குல அத்தனை முடி இருக்குன்னு அன்னிக்குத்தான்டா தெரிஞ்சுது.

அந்த ஊருக் கெழவங்க குளிரை எப்படி எண்ணுறாங்க தெரியுமா? ஒம்போது ஒம்போதா. டிசம்பர் 22 வாக்குல, பகல் ரொம்பச் சிறுத்த நாள்ல ஆரம்பிச்சு, ஒம்போது நாளு ஒரு கட்டு. அப்படி ஒம்போது கட்டு, மொத்தம் 81 நாள். முதல் கட்டுல பால்ல வடிச்ச சாராயம் உறையும். மூணாவதுல மூணு வயசு எருதோட கொம்பு உறையும். நாலாவதுல நாலு வயசு எருதோட கொம்பு. எருதுக்கு வயசு ஏற ஏறக் கொம்பு கெட்டிப்படும், அதையும் தொளைக்குற குளிருன்னு அர்த்தம். அஞ்சாவது வந்தா வடிச்ச சோறு உறையாது. ஆறாவதுல பனி விலகிப் பாதை கறுப்பாத் தெரியும், ஏழாவதுல குன்னு உச்சி கறுக்கும், எட்டாவதுல தரையில ஈரம் கசியும், ஒம்போதாவதுல கதகதப்பு வந்து ஒக்காரும். தை பனி தரையத் தொளைக்கும், மாசிப் பனி மச்சத் தொளைக்கும்னு நம்ம பாட்டி சொல்லுவாள்ல, அதே புத்தி. நம்மாளு மச்சோட நிறுத்திக்கிட்டான், அவன் மாட்டுக் கொம்பு வரைக்கும் போயிருக்கான்.

விரலை மடக்கி எண்ணிட்டியா? மார்ச்சு 12-ல கணக்கு முடியுது, நீ 14-ல போற, அதுக்குத்தான இந்தச் சிரிப்பு? சிரி. நானும் இப்படித்தான் சிரிச்சேன். அந்தக் கணக்கு குளிருக்குத்தான்டா. காத்துக்கு யாரும் கணக்குச் சொல்லல.

மார்ச்சு, ஏப்ரல், மே மூணும் அங்க காத்து மாசம். குளிரு எழவு இன்னும் வடக்குல உக்காந்திருக்கும், வெயில் தெக்குத் தரையைச் சுட ஆரம்பிச்சிருக்கும், ரெண்டும் மோதுற எடத்துல நீ கேமராவோட நிப்ப. பனி போயிருக்கும், புல்லு இன்னும் மொளைச்சிருக்காது. தரை நம்ம களத்து மேடு மாதிரி மொட்டையாக் கெடக்கும். களத்துல காத்து பாத்துத்தான தூத்துவோம்? அங்க காத்தே முறத்தை எடுத்துக்கிட்டுக் கோபிப் பாலைவனத்தைத் தூத்தும். காலையில 5 டிகிரி, பளீர்னு வெயில். பத்து மணிக்கு மேல்சட்டையைக் கழட்டலாமான்னு தோணும். பதினொண்ணுக்குப் பனி கொட்டும். மதியத்துக்கு மேல மண்ணு. நிமிசத்துக்கு நிமிசம் மூஞ்சி மாத்துற ஆளை அங்க வசந்தகால வானம்னு சொல்லுவாங்களாம். எனக்கு உடனே உங்க பாட்டி ஞாபகம் வந்துச்சு, அதை இப்ப எதுக்கு.

வெளையாட்டு இல்லடா. 2021-ல இதே தேதிதான். மார்ச்சு 13-ல எந்திரிச்ச புழுதியும் பனியும் கலந்த சூறாவளியில மங்கோலியாவுல 10 பேர் செத்தாங்க. அதுல ஒரு குழந்தை. நூத்துக்கணக்கான பேரைக் காணோம்னு தேடி, பெரும்பாலானவங்களை உயிரோட மீட்டாங்க. செத்தவங்க எல்லாம் ஊருக்குப் புதுசா வந்த உன்னை மாதிரி ஆளுங்கன்னு நினைக்காத. அந்த மண்ணுலயே பொறந்த மேய்ச்சல்காரங்க. மந்தை காத்தடிக்கிற திசையில ஓடும். அதை மடக்கப் பின்னாலயே போவாங்க. கை நீட்டினா கை தெரியாது, அப்புறம் கூடாரம் எந்தப் பக்கம்னு யாருக்குத் தெரியும்? மார்ச்சு 15 காலையில அந்தப் புழுதி பெய்ஜிங்ல போய் இறங்கி, வானம் காவி வேட்டி மாதிரி ஆகி, விமானம் நூத்துக்கணக்குல நின்னுச்சு. அதனால திரும்பி வந்த மறுநாள் காலையில மீட்டிங்குன்னு பெருமையா வச்சுக்காத. ஒரு நாளைக் காத்துக்குன்னு எழுதி வை. ஏர்போர்ட்டு ஊருக்குத் தெக்கே 50 கிலோமீட்டர் தள்ளி, 2021-ல தொறந்த புதுசு, நல்லாத்தான் இருக்கு. ஆனா காத்து அடிச்சா அங்க உக்காந்து உன் சூட்கேசோட நீயே பேசிக்கிட்டு இருக்கணும்.

சரி, உடுப்புக்கு வா. என்ன வாங்கியிருக்க? இதுவா? முந்நூறு வெள்ளியா! நல்லாத்தான் இருக்கு, கேமரன் மலைக்குப் போட்டுக்கிட்டுப் போ. பேராண்டி, ஒரே தடிச் சட்டையில குளிரு அடங்காது. வெங்காயம் மாதிரி போகணும். ஒட்டின மாதிரி ஒண்ணு, அதுக்கு மேல கம்பளி, அதுக்கு மேல காத்துப் புகாத ஒண்ணு. ஒரு ஜோடி கம்பளி சாக்ஸுக்கு மேல ரெண்டு ஜோடி மாட்டிக்கிட்டு இறுக்கமான ஷூவுக்குள்ள காலைத் திணிச்சியோ, ரத்தம் ஓடாம காலு கட்டையாகும். நான் திணிச்சேன். மருமகன் வந்து காலைத் தேச்சு விட்டான். கல்யாணத்தன்னிக்குக் காலு கழுவினப்போகூட அவ்வளவு அக்கறை இல்ல. ஜீன்ஸு வேண்டாம். கொரோனாவுக்கு வாங்கி மிச்சம் கெடக்குற முகக்கவசம் எடுத்துக்க, மண்ணுக்கும் ஆகும், ஊருக்குள்ள பொகைக்கும் ஆகும். நாட்டு ஜனத்துல பாதி அந்த ஒரு ஊருலதான். சுத்திலும் கூடார வீடுங்க, அத்தனையிலயும் கரி அடுப்பு. 2019-ல வெறும் கரியைத் தடை செஞ்சு கட்டிக் கரி குடுத்தாங்க, இருந்தும் குளிருல பொகை இருக்கு.

போனை மேல் பையில வைக்காத. குளிருக்கு பேட்டரி படக்குனு படுத்துரும். உங்க கொள்ளுப்பாட்டி சுருக்குப்பையை இடுப்புல சொருகுவாளே, அந்த மாதிரி உடம்போட ஒட்டி வை. தலைக்குத் தேங்காய் எண்ணெய் கொண்டு போகப் போறியா? கொண்டு போ. அது 24 டிகிரியிலயே கட்டியாகுற ஜாதி, அங்க பாட்டில்ல வெள்ளைக் கல்லா உக்காந்திருக்கும். சின்னப் பேரன் கரண்டியால கொத்தி எடுத்து என் தலையில வச்சான்.

ரோட்டைப் பத்திக் கேளு. அந்த நாடு நம்ம தமிழ்நாட்டைப் போல 12 மடங்கு. சிங்கப்பூர்னு சொன்னா 2,000 சிங்கப்பூருக்கு மேல அதுக்குள்ள அடங்கும். ஜனம் எவ்வளவு? 35 லட்சம். இங்க இருக்குறதுல பாதிக்குக் கொஞ்சம் கூட. பெரிய ஊருங்களுக்கு நடுவுல தார் ரோடு உண்டு. அதை விட்டு எறங்கினா ரோடு கெடையாது, தடம்தான். ஒரு தடம் பத்தாப் பிரியும், பத்தும் ஒண்ணுதான்னு டிரைவர் சொல்லுவார். நீ தலையாட்டிக்கிட்டு உக்காரணும், புக்கித் தீமா எக்ஸ்பிரஸ்வேயில போற நினைப்புல கூகுள் அப்படிச் சொல்லுதே, இப்படிச் சொல்லுதேன்னு குறுக்கப் பேசக் கூடாது. வடக்க ஹுவ்ஸ்குல்னு ஒரு ஏரி, அந்த நாட்டு நல்ல தண்ணியில எழுபது சதம் அந்த ஒரு குண்டுல கெடக்கு. மார்ச்சு மொதல் வாரம் அது மேல பனித் திருவிழா, வண்டி ஓடும், குதிரை ஓடும், ஒரு மீட்டர் கனத்துக்கு உறைஞ்சு கெடக்கும். நீ போறப்போ திருவிழா முடிஞ்சிருக்கும், ஆசை மட்டும் மிச்சம் இருக்கும். ஏப்ரலை நெருங்க நெருங்க ஆத்துப் பனி மேல வண்டி ஏறுற டிரைவரை நம்பாத. மேல பாத்தாக் கல்லு மாதிரிதான் தெரியும், அடியில தண்ணி அரிச்சிருக்கும். உன் டிரைவரு வண்டியை நிறுத்தி, எறங்கி, பனியைக் காலால தட்டிப் பாத்து, தலையைச் சொறிஞ்சாருன்னா, நீயும் எறங்கிடு. கௌரவம் பாக்காத.

இப்ப மனுசங்க கதைக்கு வர்றேன். தே ஹாலியா ஆறிப் போச்சு பாரு, குடி.

வசந்தம்னா நமக்கு மாங்கொழுந்து, குயிலு. அந்த மேய்ச்சல் சனத்துக்கு வருசத்துலயே மோசமான காலம் அதுதான். ஆடு, மாடு, குதிரை, ஒட்டகம்னு ஆளுக்குப் பல மடங்கு கால்நடை, நாடு முழுக்க ஆறு கோடி வாக்குல தேறும். குளிரு முழுக்க உடம்புல இருந்த கொழுப்பைத் தின்னு தின்னு மார்ச்சுல தோலும் எலும்புமா நிக்கும். கையிருப்பு வைக்கோலு அடி தட்டியிருக்கும். அந்த நேரம் பாத்துத்தான் ஆடு குட்டி போடும். மேய்ச்சல் கெட்டு மந்தை கூட்டமா மடிஞ்சா அதை ஸூட்டுங்கறாங்க. பனி ஆழமா மூடிப் புல்லு எட்டாமப் போனா வெள்ளை ஸூட்டு. பனியே விழாமக் குடிக்கத் தண்ணியில்லாமப் போனா கருப்பு ஸூட்டு. உருகின பனி மறுபடி உறைஞ்சு, இரும்புத் தகடு மாதிரி புல்லு மேல மூடிக்கிட்டா அதுக்கு இரும்பு ஸூட்டு. நம்மகிட்ட பஞ்சத்துக்கு தாது வருசம்னு ஒரு பேருதான் இருக்கு, அவங்க நிறம் பிரிச்சு வச்சிருக்காங்க. 2023 குளிருல ஆரம்பிச்சு 2024 வசந்தம் முடியறதுக்குள்ள 70 லட்சம் கால்நடைக்கு மேல செத்துச்சு. ஒரு மாடு செத்ததுக்கு எங்கப்பா மூணு நாளு திண்ணையை விட்டு எந்திரிக்கல. அந்த மாடு போன வருசந்தான் நான் நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறினேன், 1965. அதை விடு.

நாங்க போயி எறங்கின கூடாரத்துல அடுப்புக்கு வலப்பக்கம் மருமகனுக்குப் படுக்கை, இடப்பக்கம் ஏழு ஆட்டுக்குட்டிக்கு. ராத்திரி முழுக்க ரெண்டு பக்கமும் ஒரே சத்தம். அந்த வீட்டம்மாவுக்கு ராத்திரி பகல் கெடையாது. வெளிய பொறந்த குட்டியை நக்கிக் காய வைக்கிறதுக்குள்ள வெறைச்சுப் போயிரும், அதனால ஓடிப் போய் டீலுக்குள்ள, அதாவது அவங்க நீள அங்கிக்குள்ள, நெஞ்சோட போட்டுக்கிட்டு வருவா. நீ ஒரு சுற்றுலாக்காரன், அவளுக்கு அந்த நேரத்துல எட்டாவது குட்டி. அதை மனசுல வச்சுக்கிட்டு நட. சுடு தண்ணி இல்லையா, வை-பை இல்லையான்னு கேட்டு வைக்காத.

தெக்க கோபிப் பக்கம் ஒண்ணு உண்டு, நான் பாக்கல, டிரைவர் சொன்னார். தாய் ஒட்டகம் ஈன்ற குட்டியைச் சேத்துக்காம ஒதைச்சுத் தள்ளினா, ரெண்டையும் பக்கத்துல கட்டி, குதிரைத் தலை வச்ச பிடிலோ புல்லாங்குழலோ வாசிச்சு, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பாடுவாங்களாம். மணிக்கணக்குல. கடைசியில ஒட்டகம் எளகிப் போய்க் குட்டியை விட்டுப் பாலு குடுக்கும். 2015-ல யுனெஸ்கோ அதைக் காப்பாத்த வேண்டிய மரபுன்னு பட்டியல்ல சேத்திருக்கு. நம்மூருல கன்னுக்குட்டி செத்தா தோல்ல வைக்கோல் அடைச்சுப் பசு முன்னால நிறுத்திக் கறப்போம். அவன் பாட்டுப் பாடித் தாயை மாத்துறான். நாம பசுவையே ஏமாத்திட்டோம். ரெண்டுல எதுக்கு யுனெஸ்கோ வரும் சொல்லு.

கூடாரத்துக்குள்ள போனா வாசப்படியை மிதிக்காதே, தாண்டிப் போ. இதை உனக்குச் சொல்ல வேண்டியதில்ல, உங்க பாட்டி முதுகுல போட்டுச் சொல்லிக் குடுத்திருக்கா. கடிகாரம் சுத்துற பக்கமாச் சுத்திப் போய் உக்காரு, கோயில் பிரகாரம் மாதிரி. டீ குடுத்தா வலது கையால வாங்கு. பாலும் உப்பும் போட்ட டீ. முதல் வாய்க்கு மூஞ்சி சுளிக்கும். மூணாவது கிண்ணத்துல, கஞ்சித் தண்ணிதானடா இதுன்னு புரிஞ்சுரும். காய்கறி தேடாத, அங்க ஆடு தின்னதே காய்கறி. ஆருல்னு காஞ்ச தயிருக் கட்டி குடுப்பாங்க. கடிக்காத, ஊற வச்சு சப்பு. எனக்குப் பல்லு செட்டு கழண்டு கிண்ணத்துல விழுந்து, அந்த வீட்டுப் புள்ளைங்க ரெண்டு நாளு மறுபடி கழட்டிக் காட்டச் சொல்லிச்சுங்க.

இன்னும் போகத்தான் போறியா? தேதி மாத்தி ஜூன் கடைசியில போனா அந்தப் படம் கெடைக்கும். கேக்க மாட்ட, தெரியும். அப்ப இந்தப் பையைப் பிடி. கோடாலித் தைலம், ஆறு பாட்டிலு. உனக்கில்ல, ஏன் மோந்து பாக்குற. அந்தக் கூடாரத்துல ஒரு கெழவர், என் வயசு இருக்கும். வயசு கேட்டேன், விரலால காட்டினார், ரெண்டு பேரும் எண்ணி முடிக்கல. முட்டி வலின்னு தேச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். என் பாட்டிலை எடுத்துத் தேச்சு விட்டேன். மறுநாள் காலையில முட்டியை நல்லா மடக்கி நீட்டிக் காட்டினார். சாயங்காலம் பாத்தா குட்டி போட்ட ஆட்டுக்கும் காலுல தேச்சிருந்தார். பொறப்படறப்போ காலி பாட்டிலைக் காட்டிக் கையை விரிச்சார். அனுப்புறேன்னு தலையாட்டிட்டேன், ஆனா தபாலு போட விலாசம் எங்க இருக்கு?

அவங்க போன வருசம் இருந்த எடத்துல இருக்க மாட்டாங்க. குளிருக்கு ஒரு எடம், வசந்தத்துக்கு ஒரு எடம்னு மாறுவாங்க. டிரைவர் நம்பரு சீட்டுல எழுதியிருக்கேன், அவருக்குத் தெரியும், எந்தக் குன்னுக்குப் பின்னாலன்னு. வண்டியை தூரத்துலயே நிறுத்திட்டு, கதவைத் தொறக்கறதுக்கு முன்னாடி 'நொஹோய் ஹோர்'னு உரக்கக் கத்து. நாயைப் பிடிங்கன்னு அர்த்தம். நாயே இல்லாத வீட்டுலயும் அப்படித்தான் கூப்பிடணும், அதான் மரியாதை. ஆனா அந்த வீட்டுல நாய் இருக்கு, எருமைக் கன்னு உசரம், கறுப்பு. தமிழ்ல கத்திப் பாக்காத. நான் பாத்துட்டேன்.